தலைமுறைகள் கேட்ட வினா

நுழையும்முன்

மனித உரிமைகள் என்றோ எழுதி முடிக்கப்பட்டுவிட்டன என்றும், அவற்றைப் படித்து அறிவதே நம் கடமை என்றும் எண்ணுவோர் உண்டு. எழுதப்படாத உரிமைகளும் உள்ளன. அவற்றை இழந்தவர்கள் எழுந்து கேட்கும்போதுதான் உலகம் அவற்றை அறிகிறது. தென்னமெரிக்காவின் அர்ஜென்டினா நாட்டில், தம் பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டியர் கேட்ட வினா ஒன்று உலகச் சட்டமாகியது. அவ்வினா தாயரிடமிருந்து பாட்டியருக்கும், பின்னர்ப் பிள்ளைகளுக்கும், பேரர்க்கும் கைமாறிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பேரறிக்கையும் ஒரு வெற்றிடமும்

இரண்டாம் உலகப்போரின் பேரழிவைக் கண்ட நாடுகள், 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உலகளாவிய மனித உரிமைகள் பேரறிக்கையை ஏற்றன. முப்பது உறுப்புகளைக் கொண்ட அவ்வறிக்கை, உயிர்வாழும் உரிமை, விடுதலை, சித்திரவதைக்கு உள்ளாகாமை, சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்கப்படும் உரிமை முதலியவற்றை எல்லா மனிதர்க்கும் உரியனவாக அறிவித்தது.

ஆயினும் ஒரு சூழலுக்கு அதில் நேரடியான விடை இல்லை. ஒரு குழந்தையின் பெற்றோரைக் கொன்று, குழந்தைக்கு வேறு பெயரும் வேறு பிறந்தநாளும் இட்டுப் பிறர் பிள்ளையாகப் பதிவுசெய்துவிட்டால், அக்குழந்தை இழந்தது எது? அதன் உயிர் பறிக்கப்படவில்லை. உணவும் கல்வியும் மறுக்கப்படவில்லை. ஆனால் அது யார் என்பதே அழிக்கப்பட்டுவிட்டது. அவ்விழப்பை மீட்டுத் தருவதற்கெனத் தனி உறுப்பு எதுவும் அன்று எழுதப்பட்டிருக்கவில்லை.

காணாமலாக்கப்பட்டோர்

1976ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அர்ஜென்டினாவில் முப்படைத் தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். தரைப்படைத் தளபதி விடேலா அவ்வாட்சிக்குத் தலைமை ஏற்றார். ஆயுதக் குழுக்களை ஒடுக்குவதாகக் கூறிய அவ்வரசு, தொழிற்சங்கத்தினர், மாணவர், ஆசிரியர், வழக்கறிஞர், இதழாளர் எனத் தனக்கு உடன்படாதவர் பலரையும் இரவோடு இரவாகக் கடத்திச் சென்றது. கைது ஆணை இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. உறவினர் சிறைகளில் கேட்டால், அப்பெயரில் எவரும் இல்லை என்ற விடையே கிடைத்தது. இக்கொடுமையையே இன்று சட்டமொழி ‘வலிந்து காணாமலாக்குதல்’ என்கிறது.

இம்முறையின் கொடுமை அதன் மறைப்பில் இருந்தது. கொன்றவர் ஒப்புக்கொண்டால் வழக்குத் தொடுக்கலாம். சிறையில் இருப்பதாகச் சொன்னால் ஆட்கொணர்வு மனு அளிக்கலாம். உடல் கிடைத்தால் இறுதிக்கடனேனும் செய்யலாம். ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லோ எல்லா வழிகளையும் அடைத்துவிட்டது. மக்களாட்சி மீண்ட பின் எழுத்தாளர் எர்னெஸ்டோ சாபடோ தலைமையில் அமைந்த ஆணையம், 1984ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் 8,960 பேர் காணாமலாக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. அச்சத்தால் முறையிட வராதோர் பலர் இருந்தமையால், அவர்களின் எண்ணிக்கை 30,000 என மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன.

நிற்கக் கூடாதெனில் நடப்போம்

1977ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், தலைநகர் புவெனஸ் ஐரிசில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரேயுள்ள பிளாசா டி மாயோ என்னும் சதுக்கத்தில் பதினான்கு தாயர் கூடினர். தனித்தனியே அலுவலகந்தோறும் அலைந்து பயனில்லை என்று கண்ட அசுசேனா வில்லாஃபுளோர் என்னும் தாய் அவர்களை ஒருங்கிணைத்தார். நெருக்கடிநிலைச் சட்டம் நடப்பில் இருந்தது. கூட்டமாக நிற்பது குற்றம். காவலர் ‘நிற்காதீர், நடந்து செல்லுங்கள்’ என்று ஆணையிட்டனர். தாயரும் இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தின் நடுவிலுள்ள நினைவுத்தூணைச் சுற்றி நடந்தனர். கலைப்பதற்காக இட்ட ஆணையே அவர்களின் போராட்ட வடிவமாயிற்று. பின்னர் வியாழன்தோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு நடப்பது வழக்கமாகியது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் லுஹான் என்னும் திருத்தலத்திற்குப் பெருந்திரளான மக்கள் நடைப்பயணம் சென்றனர். அக்கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள, தம் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் அரைத்துணியாகக் கட்டிய வெள்ளைத் துணியைத் தாயர் தலையில் கட்டிக்கொண்டனர். அத்துணியே அவர்களின் நிலைத்த சின்னமாயிற்று.

அரசு அவர்களையும் விட்டுவைக்கவில்லை. உறவினர் போல் நடித்து அவர்களிடையே புகுந்த கடற்படை அதிகாரி ஒருவர் காட்டிக்கொடுத்தார். டிசம்பர் 8ஆம் நாள் தேவாலயம் ஒன்றிலிருந்து வெளிவந்தோர் கடத்தப்பட்டனர். டிசம்பர் 10, மனித உரிமைகள் நாள். காணாமலாக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியலைத் தாயர் நாளிதழில் விளம்பரமாக வெளியிட்ட நாளும் அதுவே. அன்று அசுசேனாவும் கடத்தப்பட்டார். கடற்கரையில் ஒதுங்கிப் பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்த உடல்களுள் அவருடைய உடலும் ஒன்று என்பதைத் தடய மானுடவியலார் 2005ஆம் ஆண்டில் உறுதிசெய்தனர். அவருடைய சாம்பல் அதே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது. அவர் கடத்தப்பட்ட பின்னும் எஞ்சிய தாயர் நடையை நிறுத்தவில்லை.

பாட்டியரின் இருமடித் தேடல்

கடத்தப்பட்ட பெண்களுள் கருவுற்றவர்களும் இருந்தனர். மறைமுகச் சிறைகளில் மகப்பேறு முடிந்ததும் தாயைக் கொன்று, குழந்தையைப் படைத்துறையினருக்கோ அவர்களுக்கு நெருக்கமானவர்களுக்கோ கொடுத்துவிடும் வழக்கம் நிலவியது. பெற்றோருடன் கடத்தப்பட்ட கைக்குழந்தைகளும் இவ்வாறே கொடுக்கப்பட்டனர். பொய்யான பிறப்புச் சான்றுகளில் புதிய பெயர்கள் எழுதப்பட்டன. இவ்வாறு பறிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர் என்று பாட்டியர் அமைப்பு மதிப்பிடுகிறது.

மகனையோ மகளையோ தேடிய தாயருள் சிலர், தமக்குப் பேரக்குழந்தையும் இருக்கக்கூடும் என்பதை உணர்ந்தனர். 1977ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அவர்களுள் பன்னிருவர் தனி அமைப்பாக ஒன்றிணைந்தனர். ‘பிளாசா டி மாயோவின் பாட்டியர்’ என்று உலகம் அவர்களை அறிந்தது. நீதிமன்றங்களிலும் குழந்தைகள் இல்லங்களிலும் அவர்கள் விசாரித்தனர். பள்ளி வாயில்களில் நின்று, முகச்சாயல் ஒத்த குழந்தைகளை உற்றுநோக்கினர். ஐயம் எழாதிருக்கத் தேநீர்க் கடைகளில் பிறந்தநாள் கொண்டாடுவது போல் அமர்ந்து செய்திகளைப் பரிமாறிக்கொண்டனர்.

தேடலில் ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. பிள்ளைகளைத் தேடியோர் நினைவில் அவர்களின் முகம் இருந்தது. சிறையில் பிறந்த பேரக்குழந்தைகளையோ பாட்டியர் கண்டதே இல்லை. ஆணா பெண்ணா என்பதும், என்ன பெயரிட்டு வளர்க்கப்படுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

எல்லை கடந்த குரல்

உள்நாட்டு நீதிமன்றங்கள் மனுக்களைத் தள்ளியபோது, தாயரும் பாட்டியரும் அயல்நாடுகளின் கதவைத் தட்டினர். 1978ஆம் ஆண்டில் உலகக்கோப்பைக் காற்பந்துப் போட்டி அர்ஜென்டினாவில் நடந்தது. ஆட்டங்களைக் காண வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சதுக்கத்தில் நடந்த தாயரையும் படம் பிடித்தனர். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் நேரில் வந்து விசாரித்தது. அதன்முன் வரிசையில் நின்று மக்கள் அளித்த முறையீடுகள் 5,500க்கும் மேற்பட்டவை. 1980ஆம் ஆண்டில், காணாமலாக்கப்படுதலை ஆராய்வதற்கெனவே ஐக்கிய நாடுகள் அவை ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டில் அர்ஜென்டினாவின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அடோல்ஃபோ பெரெஸ் எஸ்கிவெல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

பன்னாட்டுப் பரப்புரையால் படையாட்சி உடனே வீழ்ந்துவிடவில்லை. 1982ஆம் ஆண்டு பிரித்தானியாவுடன் நடந்த போரில் கண்ட தோல்வியே அதன் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. 1983 டிசம்பரில் மக்களாட்சி மீண்டது. ஆயினும் பல்லாண்டுகளாகத் திரட்டப்பட்ட முறையீடுகளும் பெயர்ப்பட்டியல்களும் இருந்தமையால்தான், புதிய அரசின் ஆணையமும் நீதிமன்றங்களும் பணியை விரைந்து தொடங்க இயன்றது. அடக்குமுறைக் காலத்தில் பயனற்றதாகத் தோன்றிய ஒவ்வொரு மனுவும் பின்னாளில் சான்றாயிற்று.

குருதி சொன்ன சான்று

பாண்டியன் அவையில் நீதி கேட்ட கண்ணகியின் கையில் இணைச்சிலம்பு இருந்தது. அதை உடைத்துக் காட்டி அவள் உண்மையை மெய்ப்பித்தாள். பாட்டியரின் கையிலோ அத்தகைய சான்று எதுவும் இல்லை. ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தாலும், அது தம் பேரக்குழந்தையே என்பதை எவ்வாறு நிறுவுவது?

தந்தைமையை அறியும் குருதிச் சோதனை அந்நாளில் இருந்தது. அதற்குப் பெற்றோரின் குருதி வேண்டும். இங்குப் பெற்றோர் இல்லை, நடுத்தலைமுறையே அழிக்கப்பட்டிருந்தது. பாட்டன் பாட்டியரின் குருதியைக் கொண்டே உறவை நிறுவ இயலுமா என்ற வினாவோடு பாட்டியர் பல நாடுகளின் அறிவியலாளர்களைச் சந்தித்தனர். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங், நாடு கடந்து வாழ்ந்த அர்ஜென்டின மருத்துவர் விக்டர் பென்சசாதே முதலியோர் அதற்கு விடை கண்டனர். தாய்வழி, தந்தைவழி உறவினரின் குருதியிலுள்ள மரபுக் கூறுகளை ஒப்பிட்டு, உறவு உண்மையாக இருக்கும் நிகழ்தகவைக் கணக்கிடும் முறை உருவானது. தந்தைமைச் சோதனை என்பது போல, இதனைப் ‘பாட்டிமைக் குறியீடு’ எனலாம். 1984 டிசம்பரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இம்முறையின் துணையால் தன் குடும்பத்திடம் சேர்க்கப்பட்டாள்.

பின்னர் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பயன்படுத்தும் முறை வந்தது. இம்மரபணு தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருவதால், தாயைப் பெற்ற பாட்டியும் பேரக்குழந்தையும் ஒரே வரிசையைப் பகிர்ந்திருப்பர். எனவே தாய்வழி உறவினர் ஒருவரின் மாதிரியே பெருந்துணையாகியது. முதுமை எய்திய பாட்டியர், தாம் இறந்த பின்னும் தேடல் தொடர வேண்டும் என்று வலியுறுத்தினர். அதன் பயனாக 1987ஆம் ஆண்டில் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. அவர்களின் குருதி மாதிரிகள் அங்குக் காக்கப்படுகின்றன.

வினா சட்டமாதல்

குழந்தைகள் உரிமைக்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை உருவாக்கிய காலத்தில், பாட்டியரின் பட்டறிவு அதற்குள் இடம்பெற்றது. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏற்கப்பட்ட அவ்வுடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு, பிறந்தவுடன் பதிவுசெய்யப்படவும், பெயரும் நாட்டுரிமையும் பெறவும், இயன்றவரை தன் பெற்றோரை அறியவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 8ஆம் உறுப்பு அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைக் கூறுகிறது. அடையாளம் பறிக்கப்பட்டிருந்தால் அதை விரைந்து மீட்டுத் தருவது அரசின் கடமை என்றும் வகுக்கிறது. இவ்வுறுப்புகளை ‘அர்ஜென்டின உறுப்புகள்’ என்று அழைப்பர்.

இந்தியா 1992ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. எனவே தொலைவிலுள்ள ஒரு நாட்டின் பாட்டியர் கேட்டுப் பெற்ற உரிமை, தமிழ்நாட்டில் இன்று பிறக்கும் குழந்தைக்கும் உரியதாகிறது. பிறப்புச் சான்றிதழ் என்பது பள்ளிச் சேர்க்கைக்கான தாள் மட்டுமன்று. ஒருவர் யார் என்பதற்கு அரசு அளிக்கும் முதல் உறுதிமொழியுமாகும்.

2006ஆம் ஆண்டில், காணாமலாக்கப்படுதலிலிருந்து எல்லா மனிதரையும் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2007ஆம் ஆண்டில் அதில் கையொப்பமிட்டுள்ளது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்தது. கையொப்பம் என்பது உடன்பாட்டைக் காட்டுவது. ஏற்புறுதியே ஒரு நாட்டைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது.

பிள்ளைகளின் காலம்

அர்ஜென்டினாவில் நீதியின் பாதை நேராக அமையவில்லை. 1985ஆம் ஆண்டில் படைத்தலைவர்கள் விசாரிக்கப்பட்டு, விடேலா வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் 1986, 1987ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் எஞ்சிய வழக்குகளை முடக்கின. அடுத்து வந்த குடியரசுத் தலைவர் தண்டனை பெற்றவர்களுக்கும் பொதுமன்னிப்பு அளித்தார். தாயரிடையேயும் கருத்து வேறுபாடு எழுந்தது. இழப்பீடு பெறுவதா, உடல்களைத் தோண்டி அடையாளம் காண்பதா என்பன போன்றவற்றில் உடன்பாடின்றி, 1986ஆம் ஆண்டில் அவர்கள் இரு பிரிவுகளாயினர்.

அந்த வறண்ட காலத்தில் அடுத்த தலைமுறை எழுந்தது. காணாமலாக்கப்பட்டோரின் பிள்ளைகள் வளர்ந்து, 1995ஆம் ஆண்டில் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். நீதிமன்றம் தண்டிக்காதபோது, குற்றம் புரிந்தோரின் வீடுகளுக்கு முன் அவர்கள் கூடினர்; இசையும் முழக்கமுமாக, அங்கு வாழ்பவர் செய்த கொடுமைகளை அண்டை வீட்டாருக்கு அறிவித்தனர். முந்தைய தலைமுறை அமைதியாக நடந்து கேட்டதை இத்தலைமுறை உரத்துக் கேட்டது. 2003ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அவ்விரு சட்டங்களையும் செல்லாதனவாக்கியது. 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அவை அரசமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. வழக்குகள் மீண்டும் தொடங்கின. குழந்தைகளைத் திட்டமிட்டுப் பறித்த குற்றத்திற்காக, 2012ஆம் ஆண்டில் விடேலாவுக்கு ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உரிமையோடு உரிமை மோதுமிடம்

பறிக்கப்பட்ட குழந்தைகளும் வளர்ந்து பெரியவர்களாயினர். அப்போது கடினமான ஒரு சிக்கல் எழுந்தது. உண்மையை அறியும் உரிமை பாட்டிக்கு உண்டு. அறிய விரும்பாமல் இருக்கும் உரிமை பேரனுக்கும் பேத்திக்கும் உண்டா?

2003ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், வயதுவந்த பெண் ஒருவர் குருதி தர மறுத்தார். தம்மை வளர்த்தவர்களைத் தண்டிக்கும் சான்று தம் உடலிலிருந்தே எடுக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. அவரைக் கட்டாயப்படுத்த இயலாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மறுபுறம், பல்லாண்டுகள் காத்திருந்த குடும்பமும், இன்னும் தண்டிக்கப்படாத குற்றமும் இருந்தன. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. ஒருவர் மாதிரி தர மறுத்தால், உடலைத் தீண்டாமல், அவர் பயன்படுத்திய பொருள்களிலிருந்து மரபணுவைப் பெற நீதிபதி ஆணையிடலாம். இத்தீர்வை எல்லாரும் மனமுவந்து ஏற்றனர் என்று கூறிவிட முடியாது. இரு உரிமைகள் மோதும்போது எதையும் முற்றாகத் துறக்காமல் எடைபோடுவதே நீதியின் அரும்பணி என்பதை இது காட்டுகிறது.

பாட்டியரும் தம் வழியை மாற்றிக்கொண்டனர். குழந்தைகளைத் தாம் தேடிச் செல்வதை விட, ஐயம் கொண்ட இளைஞர் தாமே தேடி வரும்படி அவர்கள் அழைத்தனர். நாடகங்களும் இசைநிகழ்ச்சிகளும் அதற்குத் துணையாயின.

பாட்டியர் அமைப்பின் தலைவர் எஸ்டெலா டி கார்லோட்டோவின் மகள் லாரா, 1977ஆம் ஆண்டு கருவுற்றிருந்தபோது கடத்தப்பட்டார். 1978 ஜூனில் மகனை ஈன்ற அவர், இரண்டு மாதங்களுக்குப்பின் கொல்லப்பட்டார். 2014ஆம் ஆண்டில், தம் பிறப்பைப் பற்றி ஐயுற்ற இசைக்கலைஞர் ஒருவர் தாமே முன்வந்து குருதி தந்தார். அவரே எஸ்டெலாவின் பேரன் என்று சோதனை உறுதிசெய்தது. பிறர் பேரக்குழந்தைகள் 113 பேர் கண்டறியப்பட்ட பின்னரே, 114ஆவதாக அவருடைய பேரன் கிடைத்தார். அவ்வமைப்பை முன்னின்று வளர்த்த மற்றொருவரான சிச்சா மரியானிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. மூன்று மாதக் குழந்தையாக 1976ஆம் ஆண்டில் பறிக்கப்பட்ட பேத்தியைக் காணாமலே, 2018ஆம் ஆண்டில் தம் 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தொடரும் தேடல்

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை 140 பேரர் கண்டறியப்பட்டுள்ளனர். பெரும்பான்மையோர் இன்னும் கண்டறியப்படவில்லை. அவர்கள் இன்று ஏறத்தாழ ஐம்பது வயதை எட்டியிருப்பர். அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்திருப்பர். பெற்றோருக்குத் தெரியாத அடையாளம் அப்பிள்ளைகளுக்கும் தெரியாததாகவே தொடர்கிறது. அதனால் இது நான்காம் தலைமுறையின் தேடலும் ஆகிறது. பாட்டியருள் மிகச்சிலரே இன்று உள்ளனர். மீட்கப்பட்ட பேரர் சிலர் அவ்வமைப்பின் பொறுப்புகளை ஏற்று, தம்மைத் தேடியவர்களின் பணியைத் தாமே செய்கின்றனர்.

‘என் பிள்ளை எங்கே?’ என்று தாயர் கேட்டனர். ‘என் பேரக்குழந்தை எங்கே?’ என்று பாட்டியர் கேட்டனர். ‘குற்றவாளி எங்கே?’ என்று பிள்ளைகள் கேட்டனர். ‘நான் யார்?’ என்று பேரர் கேட்கின்றனர். முதல் வினாவைக் கேட்ட பதினான்கு பேரிடம் பதவியோ படையோ இல்லை. விடை கிடைக்கும்வரை கேட்பது என்ற உறுதியே இருந்தது. அவ்வுறுதியைப் பெற்றுக்கொண்ட ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்திற்கேற்ற வினாவை அதனோடு சேர்த்தது. மனித உரிமைகளின் பட்டியல் வளர்வது இவ்வாறுதான்.

தெரிந்து தெளிவோம்

அர்ஜென்டினக் கடற்படையின் இயந்திரவியல் பள்ளி, படையாட்சிக் காலத்தில் மறைமுகச் சிறையாகவும், சிறைப்பட்ட பெண்களின் மகப்பேற்றிடமாகவும் பயன்பட்டது. இன்று அது நினைவு அருங்காட்சியகமாக உள்ளது. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. படையாட்சி தொடங்கிய மார்ச் 24ஆம் நாள், அந்நாட்டில் உண்மைக்கும் நீதிக்குமான நினைவு நாளாகப் போற்றப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள விவரங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒவ்வொன்றும் எவ்வுரிமையைப் பெற உதவுகிறது என்பதை எழுதுக.

2. ‘உண்மையை அறியும் உரிமையும் அறிய விரும்பாமல் இருக்கும் உரிமையும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் வீட்டிலுள்ள மூத்தோரிடம், அவர்தம் இளமையில் மறுக்கப்பட்டு இன்று கிடைத்துள்ள ஓர் உரிமையைப் பற்றிக் கேட்டறிந்து, அது எவ்வாறு கிடைத்தது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.